நொடிக்கு ஒரு முழம்

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் போட்ட மாலையை மறுநாள் எடுக்க மறந்துவிட்டேன். சேலம் சூரமங்கலத்தில், வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் என் பழைய எம்1டிஆர் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் இரும்பை வெட்டிச் செதுக்குவது) நிற்கிறது. விஜயதசமி காலை, கைராசிக்கு ஒரு சின்ன ஜாப் (வெட்ட வேண்டிய துண்டு) ஓட்டுவோம் என்று சுவிட்சைப் போட்டேன். தொங்கிக்கொண்டிருந்த மாலையின் நுனி 16 மி.மீ. எண்ட் மில் கட்டரில் பட்டது. அவ்வளவுதான். ஸ்டாப் பட்டனுக்குக் கை போவதற்குள் சாமந்தியும் வாழைநாரும் கட்டரைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தன. பிளேடு வைத்து அறுத்துத்தான் எடுத்தேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16 மி.மீ. கட்டரின் சுற்றளவு சுமார் 50 மி.மீ.; ஓடியது 500 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 500 சுற்று. அப்படியானால் விளிம்பு ஓடுவது நிமிடத்துக்கு 25 மீட்டர், நொடிக்குச் சுமார் 42 சென்டிமீட்டர். பூக்காரம்மா அளந்து கொடுக்கிற ஒரு முழம். முழம் என்றால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. நார் இருந்த இடத்தில் கையுறை நூல் ஒன்று பிரிந்து மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வெல்டிங்குக்குக் கையுறை வேண்டும். மில்லிங், டிரில்லிங், லேத் ஓடும்போது கூடவே கூடாது. கம்பெனியில் இதைச் சொல்ல சூப்பர்வைசர் இருப்பார், ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் யார் கேட்பது? லுங்கி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. சிவதாபுரத்தில் கொலுசு அச்சு (டை) போடுகிறவர்கள், அம்மாப்பேட்டையில் தறி ஸ்பேர் செய்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த பலர் வீட்டோடு ஷெட் வைத்திருக்கிறார்கள். கை நுணுக்கத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவார்கள். உடை விஷயத்தில்தான் சண்டை.

கெட்டுப்போன ஜாபை நான் எடைக்குப் போடுவதில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைக்கிறேன், மேலே மார்க்கரில் காரணமும் எழுதி. அதில் ஒரு இரும்புக் கட்டை இருக்கிறது. பக்கவாட்டில் அழகாக வெட்டிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் மட்டும் நாய் கடித்த மாதிரி குழி. எழுதியிருப்பது: ‘டவுன் கட்’.

கட்டர் சுழலும் திசையிலேயே ஜாபை ஊட்டுவதுதான் டவுன் கட். வெட்டிய முகம் பளபளவென்று வரும், ஆசையாக இருக்கும். ஆனால் பழைய மெஷினில் டேபிள் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் தேய்மானம் இருக்குமே, அந்த பேக்லாஷ் என் மெஷினில் அப்போது 0.4 மி.மீ. டவுன் கட்டில் கட்டர் ஜாபைத் தன் பக்கம் இழுக்கும். ஹேண்டிலை நான் சுற்றாமலே டேபிள் அந்த 0.4 முழுவதையும் ஒரே குதியில் தாண்டியது. கட்டரின் ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. ஊட்ட வேண்டிய இடத்தில் எட்டு மடங்கு. கட்டர் முறிந்து, துண்டு எதிர்த் தகரத்தில் அடித்து விழுந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன். துண்டு பறந்த பக்கம் நான் நிற்காதது என் சாமர்த்தியம் இல்லை.

யூடியூபில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) வீடியோ பார்த்துவிட்டு, ‘அண்ணே, டவுன் கட்தானே நல்லதுன்னு சொல்றாங்க?’ என்று தம்பிகள் கேட்கிறார்கள். அந்த மெஷினில் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ), பேக்லாஷ் கிட்டத்தட்ட இல்லை. அங்கே அது சரி. நம்முடையதில் அப் கட்தான், அதாவது கட்டர் சுழலும் திசைக்கு எதிராக ஊட்டுவது. டேபிளில் டயல் கேஜ் (நகர்வை முள்ளில் காட்டும் கருவி) வைத்து, ஹேண்டிலை ஒரு பக்கம் சுற்றி, மறுபக்கம் திருப்புங்கள். முள் நகர ஆரம்பிக்கும் வரை ஹேண்டில் எத்தனை கோடு சும்மா சுற்றுகிறதோ அதுதான் உங்கள் பேக்லாஷ்.

டின்னில் அடுத்தது எவர்சில்வர் துண்டு, 304 ரகம். உருக்காலை இருக்கிற ஊர் என்பதாலோ என்னவோ, யாராவது ஒருவர் எவர்சில்வர் வேலையோடு வந்துவிடுகிறார். இதில் பயந்து பயந்து ஊட்டினால்தான் கெடும். கட்டர் வெட்டாமல் தேய்த்தால் மேல்பரப்பு கெட்டித்துவிடும். அடுத்த பல் அதில் மோதி நீலம் பாய்ந்து மழுங்கும். சாதா இரும்புக்கு வைக்கிற ஆர்.பி.எம்.மில் பாதி வையுங்கள், ஊட்டத்தை (ஃபீட்) குறைக்காதீர்கள்.

கிளாம்ப் நழுவிய ஜாபும் உண்டு. ஜாபை டேபிளோடு அழுத்திப் பிடிக்கிற கிளாம்பின் மறுமுனையைத் தாங்கும் முட்டுக்கட்டை ஜாபைவிடத் தாழ்வாக இருந்தால் கிளாம்ப் ஓரத்தை மட்டும் பிடிக்கும். சமமாகவோ ஒரு இழை உயரமாகவோ இருக்கட்டும். போல்ட் ஜாபை ஒட்டி நிற்கட்டும்.

சிப்ஸை (வெட்டி விழும் சீவல்) தள்ள பிரஷ், அதுவும் மெஷின் நின்ற பிறகு. வேஸ்ட் துணி கட்டர் பக்கமே போகக் கூடாது, மாலைக் கதைதான். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்காதீர்கள். பக்கத்து ஆள் கைக்குட்டை முனையால் எடுப்பதும் வேண்டாம். உள்ளே தங்கினால் துரு வளையம் கட்டும். கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஒன்று பாக்கி. கரண்ட். பழைய மெஷினை வாங்கி சிங்கிள் ஃபேஸில் ஓட்டுகிறவர்கள் பலர் வெறும் ரோட்டரி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கரண்ட் போகும், ‘சரி, அதற்குள் கட்டரை மாற்றுவோம்’ என்று ஸ்பேனரை ட்ரா பாரில் (கட்டரை மேலிருந்து இறுக்கும் நீள போல்ட்) மாட்டுவார்கள். சுவிட்ச் ஆன்-இலேயே இருக்கும். கரண்ட் வந்ததும் ஸ்பேனர் முதலில் கையை அடிக்கும், பிறகு பறக்கும். பட்டன் வைத்த டி.ஓ.எல். (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருக்கிறது. கரண்ட் போனால் தொடர்பு விட்டுவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். கட்டரைக் கழற்றிவிட்டு, ட்ரா பாரில் ஸ்பேனர் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெஷினை ஓட விடுங்கள். மெயினை அணையுங்கள். ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) முழுதாக நின்றபின் மெயினைப் போடுங்கள். தானாகச் சுழன்றால், எலெக்ட்ரீஷியன் வந்து ஸ்டார்ட்டர் மாட்டும் வரை அந்த மெஷினில் வேலை வேண்டாம்.