பங்கர்: மண்குழி உயிரைக் காக்கும் விதம்

இலங்கையின் வடக்கு, கிழக்கில் போர்க்காலத்தைக் கடந்துவந்த தமிழ்க் குடும்பங்களில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டாத வீடுகள் குறைவு. இடம்பெயர்ந்து போன இடத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே மண்வெட்டியை எடுத்தவர்கள் பலர். அந்தக் குழி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்பதை விளங்கிக்கொள்ள, எறிகணை (பீரங்கி போன்றவை ஏவும் வெடிகுண்டு) ஆளைக் கொல்லும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

எறிகணை வெடிக்கும்போது அதிர்வலை, சிதறல் என்ற இரண்டும் கிளம்புகின்றன. அதிர்வலையின் அழுத்தம் காது சவ்வையும் நுரையீரலையும் கிழிக்கக்கூடியது என்றாலும், தொலைவு கூடக்கூட அது மிக விரைவாகத் தணிந்துவிடும். உடைந்து பறக்கும் இரும்புத் துண்டுகளோ ஒலியைவிடப் பன்மடங்கு வேகத்தில் கிளம்பி, நூறு மீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். எறிகணை வீச்சில் காயப்படுபவர்களில் பெரும்பாலானோர் இந்தச் சிதறல்களால்தான் காயப்படுகிறார்கள். தரையில் விழுந்து வெடிக்கும் எறிகணையின் சிதறல்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் போவதால், தரைமட்டத்துக்குக் கீழே இருப்பவரின் தலைக்கு மேலாக அவை கடந்துவிடுகின்றன. அதனால்தான், ஓட நேரமில்லாதபோது நின்ற இடத்திலேயே குப்புறப் படுப்பதும் பயன் தருகிறது.

பங்கரை ‘ட’ வடிவில் வெட்டியதற்கும் காரணம் உண்டு. நேராகப் பறக்கும் சிதறலால் மூலையில் திரும்ப முடியாது. ஆகவே வாசலுக்கு எதிரே வெடித்தாலும் வளைவுக்கு அப்பால் இருப்பவர் தப்பலாம். அதிர்வலை அப்படியல்ல, அது வளைந்து உள்ளே வரும். முட்டுச்சுவரில் பட்டுத் திரும்பும்போது அதன் அழுத்தம் இன்னும் கூடும். அந்த அழுத்தம் மறுபக்கம் வெளியேறுவதற்காகவும், ஒரு வாசல் மண் சரிந்து அடைபட்டாலும் வெளியேற வழி வேண்டுமே என்பதற்காகவும் இரு வாசல் வைப்பதே நல்லது.

கூரைக்குப் பனங்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மண்ணை நிரப்புவார்கள். பனையின் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உட்பகுதி மென்மையானது. எனவே பிளக்காமல் முழுக்குற்றியாக வைத்தால் அது மேலே உள்ள மண்ணின் பாரத்தை நன்றாகத் தாங்கும். சிதறலின் வேகத்தை உறிஞ்சுவது அந்த மண்தான்: துண்டு உள்ளே நுழையும்போது எண்ணற்ற மணல்துகள்களைத் தள்ளி, அவற்றோடு உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. மழையில் நனைந்த மண்ணுக்குப் பாரம் கூடிவிடும் என்பதால், கூரை இறங்கி உள்ளிருப்பவர்களை மூடிவிடும் ஆபத்தும் இருந்தது.

குழி இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் போய்ச் சேர அவகாசமும் வேண்டும். 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மோட்டார் எனும் குட்டைக்குழாய்ப் பீரங்கியால் எறிகணை ஏவப்பட்டால், ஏவிய சத்தம் சுமார் 9 விநாடிகளில் காதை எட்டும்; செங்குத்தாக எழுந்து இறங்கும் எறிகணைக்கோ ஏறத்தாழ 25 விநாடிகள் பிடிக்கும். மிஞ்சும் சுமார் பதினாறு விநாடிகளில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட முடியும். சத்தத்தைக் கேட்டே இன்ன வகை எறிகணை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லப் பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். ஒலியைவிட விரைவாக வரும் நெடுந்தூரப் பீரங்கிக் குண்டு இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதன் சத்தம் வந்து சேரும் முன்பே அது விழுந்துவிடக்கூடும். பல்குழல் எறிகணையோ சில விநாடிகளுக்குள் பல குண்டுகளாக வந்து விழுவதால், முதல் வெடிப்பைக் கேட்டபின் ஓடுவதே ஆபத்தாக முடியும்.

இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானங்கள் போட்ட பெரிய குண்டு மண்ணுக்குள் புகுந்தபின் வெடித்தால், பனங்குற்றிக் கூரையால் ஆவது ஒன்றுமில்லை. நேரடியாக விழும் எறிகணைக்கும் இதே கதிதான்.

2009இல், போரின் இறுதி மாதங்களில், முள்ளிவாய்க்காலை ஒட்டிய கடற்கரைப் பட்டியில் இந்த நுட்பமே தோற்றுப்போனது. அங்கே வெட்ட வெட்டச் சரியும் மணல். கொஞ்சம் ஆழம் போனாலே தண்ணீர் ஊறிவிடும். கூரைக்குக் குற்றியும் கிடைக்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணலை நிரப்பி அடுக்கினார்கள். அந்த அணைகள் பக்கவாட்டுச் சிதறலைத் தடுத்தன; மேலிருந்து வருவதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. தண்ணீருக்கும் கஞ்சிக்கும் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். ஏப்ரல் 8ஆம் தேதி அதே பட்டியிலுள்ள அம்பலவன்பொக்கணையில் எறிகணைகள் விழுந்தபோது, தாய்மார் குழந்தைகளோடு பால்மா வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள்.