“ஒண்ணும் டவுன்லோட் பண்ணல, சும்மா பிரவுசர்லதான் விளையாடினான்”

போன சனிக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டனில் விடியற்காலையிலிருந்தே மழை. என் லெப்டொப் திருத்தும் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா, பொலித்தீன் பையில் சுற்றிய லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் குடையை மடக்கியபடி தரம் 10 படிக்கும் மகன்.

“தம்பி, மூத்தவ பேஸ்புக்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் காசு கேட்டு மெசேஜ் போகுது. அவ அனுப்பலங்கிறா. இதுலதான் என்னமோ ஆகிப்போச்சு.”

மூத்தவள் கல்வியியல் கல்லூரி மாணவி. விடுமுறைக்கு வந்தபோது இதே லெப்டொப்பில் பேஸ்புக்கும் ஜிமெயிலும் திறந்திருக்கிறாள். லொக்அவுட் பண்ணவில்லை. வீட்டு லெப்டொப் தானே என்று பாஸ்வேர்டையும் பிரவுசரிலேயே சேமித்துவிட்டாள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மாமா, பிள்ளைக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து 15,000 ரூபாயைப் போட்டும்விட்டார்.

பையனைப் பார்த்துக் கேட்டேன். “கேம் விளையாடினேன் அண்ணே. துப்பாக்கி கேம். ஆனா ஒண்ணும் டவுன்லோட் பண்ணல, பிரவுசர்லதான்.” அக்காவும் உடனே அதையே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மஸ்கெலியாவிலிருந்து வருபவரும் தலவாக்கலையிலிருந்து வருபவரும் சொல்லிவைத்தாற்போல இதையேதான் சொல்கிறார்கள்.

“என்ன செஞ்சியோ அதை அப்படியே செஞ்சு காட்டு” என்றேன். எந்தக் கணினியிலும் இணைக்காத என் பழைய கீபோர்டை அவன் முன்னால் வைத்தேன். கேமின் பெயரை அடித்து, பக்கத்தில் ‘அன்பிளொக்ட்’ என்று சேர்த்துத் தேடியிருக்கிறான். ஸ்கூல் லேப்பில் கேம் சைட்களை அடைத்து வைத்திருப்பதால் பிள்ளைகள் பழகிக்கொண்ட சொல் அது. மூன்றாவதாக வந்த சைட்டைத் திறந்திருக்கிறான். பிளே பட்டனை அழுத்தியதும் ‘நீ ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்து’ என்று ஒரு பெட்டி. அதில் மூன்று படிகள். அவன் விரல்கள் கீபோர்டில் தானாகவே போயின. விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும். பிறகு கன்ட்ரோலும் வி எழுத்தும். பிறகு என்டர்.

அவ்வளவுதான். காரியம் முடிந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் டிக் போட்ட கணமே, சைட் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கொப்பி செய்து வைத்துவிடும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் திறப்பது பிரவுசர் இல்லை, கணினியே நேரடியாகக் கட்டளை வாங்கும் ரன் பெட்டி. கன்ட்ரோல், வி அழுத்தினால் அந்தக் கட்டளை அதில் விழும். என்டர் அடித்தால் ஓடி, பாஸ்வேர்ட் திருடும் நிரலை உள்ளே கொண்டுவந்துவிடும். பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரு சைட் தானாக உங்கள் கணினிக்குள் கைவைக்க முடியாதபடி அது வேலி போட்டிருக்கிறது. வேலியைத் தாண்ட வழியில்லாததால்தான், உள்ளே இருக்கிற உங்கள் பிள்ளையின் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறார்கள். 2024க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் தந்திரம் இது. உண்மையான எந்த ரோபோ சோதனையும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. எந்தக் காலத்திலும் சொல்லாது.

ஆக, ‘பிரவுசர்ல விளையாடினா ஒண்ணும் ஆகாது’ என்பது பாதி உண்மை. கேம் ஓடுவது பிரவுசருக்குள், சரி. ஆனால் பிள்ளை கேமுக்குப் போய்ச் சேருவதற்குமுன் எத்தனை பட்டன் அழுத்துகிறான் என்று யாராவது பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? ஆபத்து துப்பாக்கிச் சூட்டில் இல்லை. வாசலில் இருக்கிறது.

இரண்டாவது வாசல், ‘அலோ’ பட்டன். ‘விளையாட அலோவை அழுத்து’ என்று சைட் சொல்லும். பிள்ளை அழுத்துவான். நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்களே கொடுத்த அனுமதி அது. அதற்குப் பிறகு அந்த சைட்டை மூடினாலும் திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று வந்துகொண்டே இருக்கும். பயந்துபோய் அதை அழுத்தினால்தான் உண்மையான வைரஸ் வரக்கூடும். இதற்குப் போய் லெப்டொப்பை ஃபோர்மட் பண்ணக் காசு கொடுக்காதீர்கள். குரோம் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத சைட்களை எல்லாம் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை. என் கடைக்கு வந்தால் இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

மூன்றாவது, எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல். ஒரு அண்ணன் இரண்டு தடவை ஃபோர்மட் பண்ணிய லெப்டொப்போடு வந்தார். ஒவ்வொரு தடவையும் மறுநாளே பழையபடி தேடும் பக்கம் மாறி, விளம்பரம் கொட்டுகிறது என்றார். ஃபோர்மட்டில் பிழையே இல்லை. ‘கேமை வேகமாக்கும்’ என்று மகள் போட்ட எக்ஸ்டென்ஷன் அவளுடைய கூகுள் கணக்கோடு ஒட்டியிருந்தது. புதிதாக விண்டோஸ் போட்டு அதே கணக்கில் லொக்இன் செய்ததும், குரோம் அக்கறையாக எக்ஸ்டென்ஷனையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டது. ‘எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று ஓர் எக்ஸ்டென்ஷன் அனுமதி கேட்டால், உங்கள் வங்கிப் பக்கமும் அந்த ‘எல்லா’வுக்குள் அடக்கம். சுடுகிற கேமுக்கு அது எதற்கு?

பழைய பிரவுசர் கேம்களை ஓட்டிய துணை நிரலான ஃபிளாஷ் பிளேயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் ஆதரவை நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடியும் செய்துவிட்டது. இன்றைக்கு ‘ஃபிளாஷை அப்டேட் பண்ணு’ என்று எந்த கேம் சைட் சொன்னாலும் அது பொய்.

கேம்களையே தடை பண்ணச் சொல்கிறேனோ என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கேம்களை நான் விளையாடுகிறேன், பரிசோதித்தும் பார்க்கிறேன். நான்கு ஜிபி ராம் உள்ள பழைய ஐ3 லெப்டொப் ஒன்று அதற்கென்றே கடையில் இருக்கிறது. நம் ஆட்களின் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அப்படியான ரீகண்டிஷன் மெஷின்தானே. நல்ல கேம்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ‘ஷெல் ஷொக்கர்ஸ்’ என்று ஒன்று, 2017இல் வந்தது. சுடுபவர்களும் முட்டைகள், சுடப்படுபவர்களும் முட்டைகள். பட்டால் ஓடு உடைந்து மஞ்சள் கரு சிதறும். இரத்தமே இல்லை. ‘கிரங்கர்’ 2018இல் வந்தது. கட்டைகட்டையான உருவங்கள், வேகமான ஆட்டம், சுமாரான லெப்டொப்பிலும் ஓடும். முன்பு தனியாக ஏதேதோ பிளகின் போட்டால்தான் முப்பரிமாணக் கேம் ஓடும். இப்போது முப்பரிமாணப் படம் வரையும் வெப்ஜிஎல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கேம் ஓட ‘இதை இன்ஸ்டோல் பண்ணு’ என்று எந்த சைட் கேட்டாலும் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு கேம் சைட்டை நான் எப்படிப் பார்க்கிறேன்? முதலில் முகவரி. கேமைச் செய்தவர்களின் சொந்த முகவரியா, அதே கேமை ஒரு சட்டகத்துக்குள் வைத்துச் சுற்றிலும் தங்கள் விளம்பரத்தை ஒட்டிய கள்ளப் பக்கமா? உள்ளே கேம் அசலாகவே இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். முடிவில் ‘டொட் ஐஓ’ இருந்தால் நல்ல கேம் சைட் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது பிரித்தானிய இந்து சமுத்திரப் பிராந்தியத்துக்கு ஒதுக்கப்பட்ட இணைய முகவரி. காசு கட்டினால் யாரும் வாங்கலாம். நல்லவனும் வாங்கலாம், கள்ளனும் வாங்கலாம்.

பிறகு, திறந்ததிலிருந்து முதல் குண்டு சுடும் வரை எத்தனை க்ளிக் என்று எண்ணுவேன். பெயர் போட்டு, பிளே அழுத்தினால் ஆட்டம் தொடங்க வேண்டும். நடுவில் புது டேப் திறந்தாலே அந்த சைட் எனக்கு வேண்டாம். ஆட்டத்தில் மவுஸ் அம்பு மறைந்து, எஸ்கேப் அழுத்தினால் திரும்ப வரும் என்று பிரவுசர் காட்டும். அது இயல்பானது, பயப்பட வேண்டாம். எஸ்கேப் அழுத்தியும் முழுத் திரையை விடாமல் சைரன் சத்தத்தோடு ‘இந்த நம்பருக்குக் கோல் எடு’ என்று வந்தால் அது கேம் இல்லை. அந்த நம்பருக்கு எடுக்காதீர்கள், பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் லெப்டொப்பையே நிறுத்துங்கள்.

ஆட்டம் வெட்டி வெட்டி ஓடினால் பிள்ளை ‘ஸ்பீட் பூஸ்டர்’ தேடப் போவான். அங்கேதான் மறுபடி வாசல் திறக்கிறது. பல நேரம் காரணம், கேமை நடத்தும் சேர்வர் கணினி இருக்கிற தூரம். கொழும்பிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 8,000 கிலோமீற்றர், சிங்கப்பூர் சுமார் 2,700. சேர்வரைத் தெரிவு செய்ய விடும் கேமில் சிங்கப்பூரை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் சரிவரவில்லை, ஃபேன் மட்டும் கத்துகிறது என்றால் குரோம் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் எக்ஸலரேஷன் (முன்பு ஹார்ட்வெயார் எக்ஸலரேஷன்) நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் படம் வரையும் வேலை முழுக்க சிபியூ தலையில் விழும். ஃபேனுக்குள் தூசியும் இருக்கலாம். தோட்டத்து லய வீட்டுக்குள் விறகடுப்புப் புகை ஏறிய ஃபேன்களைத் திறந்து பார்த்தவன் நான்.

இன்னொன்று, அப்பா அம்மாமார் கவனிக்க வேண்டியது. சில டேட்டா பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகுதான் தாராளமாக டேட்டா கிடைக்கிறது. பகல் டேட்டாவைப் படிப்புக்கு மிச்சம் பிடிக்கிறேன் என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு, இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடிந்தால் நீங்கள் தோட்டத்தில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓட வேண்டும், எழும்பிப் பார்க்க உங்களுக்குச் சக்தி இல்லை. குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் கேமுக்குள் எழுதிப் பேசும் சட் பகுதியில் முன்பின் தெரியாத பெரியவர்கள் பிள்ளையிடம் வயது கேட்கிறார்கள், வட்ஸ்அப் நம்பர் கேட்கிறார்கள். அந்த சட் பகுதியை நிறுத்தக்கூடிய கேமாகத் தெரிவு செய்யுங்கள். தெரிந்த நண்பர்களோடு தனி லிங்க் போட்டு விளையாட விடுங்கள். எவனாவது படம் கேட்டு மிரட்டினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். ஊர் பேசும் என்று மறைக்காதீர்கள்.

அக்காவின் லெப்டொப்புக்கு வருவோம். நான் முதலில் கைவைத்தது லெப்டொப்பில் இல்லை. மூத்தவளுக்கு அழைத்து, அவளுடைய போனிலிருந்தே கூகுள், பேஸ்புக் இரண்டிலும் லொக்இன் ஆகியிருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றச் சொன்னேன். அவளுக்குக் குழப்பம். “பாஸ்வேர்டோட ஓடிபியும் கேக்குற டூ ஸ்டெப் போட்டுத்தானே வச்சிருந்தேன் அண்ணே, எப்படிப் போச்சு?” அந்த மாதிரி நிரல் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்று பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதை வைத்துக்கொண்டு உள்ளே வருபவனிடம் பேஸ்புக் ஓடிபி கேட்காமலே விட்டுவிடலாம். அதனால் முதலில் வெளியேற்றம், பிறகு புது பாஸ்வேர்ட், கடைசியில்தான் விண்டோஸ். புது பாஸ்வேர்டை அந்த லெப்டொப்பிலேயே போட்டிருந்தால், அதையும் பழைய கள்ளனிடமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும். புது விண்டோஸ் போட்டபின் பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். மூத்தவளின் கணக்குகள் அவனுடைய பக்கத்தில் இனி இருக்காது. ஒரே லெப்டொப் உள்ள எல்லா வீட்டிலும் இதைச் செய்யுங்கள், தயவுசெய்து.

மாமாவின் 15,000 இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பையனின் கன்னம் கடைக்கு வரும்போதே சிவந்திருந்தது. ‘டவுன்லோட் பண்ணல’ என்றதற்குமேல் அவன் முதல் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. கீபோர்டை முன்னால் வைத்து, அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் சொல்லியிருக்காவிட்டால் நானும் வெறுமனே ஃபோர்மட் பண்ணிக் கொடுத்து அனுப்பியிருப்பேன், மூத்தவளின் கணக்கில் கள்ளன் உட்கார்ந்தே இருந்திருப்பான். லெப்டொப்பைக் கொண்டுவரும்போது சார்ஜரை எடுத்து வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தப் பட்டனை அழுத்தினோம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அடிக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.