வாலால் பிடிக்கும் மரகத உடும்பு

உடும்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது, வரப்போரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாலை மண்ணில் இழுத்தபடி புதருக்குள் நுழையும் பழுப்பு நிற விலங்குதான். அதே வாரனஸ் பேரினத்தைச் சேர்ந்த மரகத மர உடும்பை முதன்முறையாகப் பார்ப்பவர், அதைப் பச்சைக் கொடி என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். நியூ கினியின் மழைக்காடுகளிலும், அத்தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே டாரஸ் நீரிணையிலுள்ள சில தீவுகளிலும் வாழும் இந்த இனத்திற்கு, 1839இல் ஹெர்மன் ஷ்லேகல் என்ற விலங்கியலாளர் 'பிராசினஸ்' என்று பெயரிட்டார்; லீக்ஸ் என்ற வெங்காயக் குடும்பச் செடியின் தாளின் பச்சையைக் குறிக்கும் சொல் அது. மூக்கிலிருந்து வால் நுனி வரை 75 முதல் 100 சென்டிமீட்டர் நீளமிருந்தாலும், எடை சுமார் 300 கிராம்தான். இதன் உறவினரான கொமோடோ உடும்பு 70 கிலோவைத் தொடும்.

நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாலுக்கே போய்விடுகிறது. தரையில் வாழும் உடும்புகளுக்கு வால் ஒரு சாட்டை. எதிரி நெருங்கினால் சுழற்றி அடிக்கும். மரகத உடும்போ அப்படி அடிப்பதில்லை. அதன் வால் மெலிந்து உருண்டிருப்பதால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. அந்தப் பிடி உடலைத் தாங்க, முன்னங்கால்கள் அடுத்த கிளையை எட்டுகின்றன. பல்லியைப் போல வாலை உதிர்த்துவிட்டுத் தப்பவும் வழியில்லை, ஏனெனில் உடும்பின் வால் அறுந்தால் மறுபடி வளராது. உடும்புப்பிடி என்று நாம் சொல்வது நகங்களின் பிடியைத்தான். வாலாலும் பிடிக்கும் இந்த உடும்புக்கு அச்சொல் இரட்டிப்பாகப் பொருந்தும்.

என்னை இன்னும் வியக்க வைப்பது மர உடும்புகளின் 'கை'. உடும்புகள் பாம்பைப் போலப் பிளவுபட்ட நாக்கை நீட்டி மணத்துகள்களைச் சேர்த்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் அவற்றைச் சோதித்து இரையை அறிகின்றன. மரப்பொந்துக்குள் பூச்சி இருப்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டாலும், பொந்தின் வாய் குறுகலாக இருந்தால் தலை நுழையாது. நியூ கினிக்குத் தென்மேற்கேயுள்ள ஆரு தீவுகளில் வாழும், மரகத உடும்பின் நெருங்கிய உறவினமான கருப்பு மர உடும்பு இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை, காப்பிடத்தில் வளர்ந்தவற்றைக் கவனித்த ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்தனர். அது முன்னங்காலைப் பொந்துக்குள் தோள்வரை விட்டுத் துழாவி, நீண்ட விரல்களின் நகங்களில் இரையைக் கொக்கி போட்டு வெளியே இழுத்து, வாயில் கவ்விக்கொள்கிறது. ஜாடியின் அடியில் ஒட்டியிருக்கும் ஊறுகாயை விரலால் வழித்தெடுக்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. ஆனால் ஊர்வனவற்றில் இது மிக அரிது.

மரகத உடும்பின் முதன்மை உணவு மரங்களில் வாழும் பெரிய வெட்டுக்கிளிகள். குச்சிப்பூச்சி, கரப்பான், வண்டு, சிலந்தி, நண்டு ஆகியவற்றையும், எப்போதாவது சிறு பாலூட்டிகளையும் உண்கிறது. நழுவும் பூச்சியை இறுகப் பிடிக்க நீண்ட கூரிய பற்கள் உதவுகின்றன. குச்சிப்பூச்சி கிடைத்தால், தொண்டையில் சிக்காதபடி முதலில் அதன் கால்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் விழுங்குகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை ஊர்வன பலவற்றின் தோலில் பச்சை நிறமி என்று தனியாக ஒன்றும் இல்லை. அடியடுக்கிலுள்ள நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, அது மேலடுக்கின் மஞ்சள் நிறமியைக் கடந்து வரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. சில பச்சைப் பாம்புகள் இறந்தபின் மஞ்சள் சிதைந்து நீலமாகிவிடுவது இதனால்தான். நியூ கினிக்கு மேற்கே பட்டாண்டா என்ற சிறு தீவில் வாழும் நீல மர உடும்பு, 2001இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. மஞ்சளைக் கழித்தால் நீலம் என்ற அதே கணக்கு அதற்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அழகே அதற்கு வினையாகிவிட்டது: செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிக்கப்படுவதால், இன்று அது அழிவாபத்திலுள்ள இனம்.

மரகத உடும்பு முட்டையிடவும் தரைக்கு வரத் தேவையில்லை. மரத்தில் கறையான்கள் கட்டியிருக்கும் கூட்டைத் துளைத்து, அதிகபட்சம் ஐந்து முட்டைகள் வரை இடுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 11 கிராம் என்பதால், அந்த மெலிந்த உடலுக்கு அதுவே பெரும் சுமை. உடைந்த சுவரைப் பழுதுபார்ப்பது கறையான்களின் இயல்பு. முட்டைகள் உள்ளே இருக்க, வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாத அறை ஒன்று செலவின்றி அமைந்துவிடுகிறது. பல மாதங்கள் கழித்து முட்டையோட்டைக் கிழித்து வெளிவரும் குஞ்சுக்கு, சுற்றியிருக்கும் கறையான்களும் அவற்றின் முட்டைகளுமே முதல் உணவு.