ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்: சீக்வென்சர் மக்கர் செய்தால்

போன மாசியில், கோயில் திருவிழாக் கச்சேரி தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவர் போன் செய்தார். பதிந்துவைத்த நோட்டுகளைத் தானாக ஓட்டும் சீக்வென்சர் பற்றித்தான்.

"அண்ணே, ப்ளே அமுக்குறேன், லைட் எரியுது, ஆனா ஓட மாட்டேங்குது. போர்டு போயிடுச்சா?"

"தம்பி, டெம்போ காட்டுற இடத்துல நம்பர் இருக்கா, வேற ஏதாவது எழுதியிருக்கா?"

"எக்ஸ்ட்-னு இருக்குண்ணே."

உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் ஒத்திகையில் டிரம் மெஷினோடு சேர்த்து ஓட்டுவதற்காக வேகத்தை ஓட்டும் கிளாக்கை எக்ஸ்டெர்னலுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு, மாற்றியிருக்கிறார்கள். அந்த டிரம் மெஷின் மேடைக்கு வரவில்லை. யாராவது தாளம் கொடுப்பார்கள் என்று சீக்வென்சர் முதல் பாரிலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தது. இன்டெர்னலுக்கு மாற்றச் சொன்னேன், ஓடியது.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெஞ்சுக்கு வரும் சீக்வென்சர்களில் பலவற்றைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் கொண்டுவருவதற்கு முன்பே யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். பின்பக்கத் திருகில் இரண்டு குறைந்திருந்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

கிளாக் விஷயத்தில் இன்னொன்று. மிடி என்பது கருவிகள் தங்களுக்குள் வாசிப்புச் செய்திகளைப் பரிமாறும் முறை. அதன் கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். கார்க் வோல்கா மாதிரிச் சின்னப் பெட்டிகளில் வேகத்தைச் சேர்த்து ஓட்டும் சிங்க் ஜாக்கில் பீட்டுக்கு 2 துடிப்புதான். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு தலைதெறிக்க ஓடும், இல்லையென்றால் ஆமையாக ஊரும். டெம்போ சரியாக இரண்டு மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று முழு எண்ணில் தப்பினால் செட்டிங்கைப் பாருங்கள். கோளாறு ஆகிப்போன மெஷின் இவ்வளவு கணக்காகத் தப்பாது.

அடுத்தது கேபிள். ஐந்து முள் மிடிக்குப் பதிலாக இப்போது ஹெட்போன் பின் மாதிரியான சின்ன ஜாக் வருகிறது. அதில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. கார்க் எஸ்க்யூ-1 ஏ வகை, அர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ பி வகை. 2018-ல்தான் ஏ வகையைப் பொதுத் தரமாக அறிவித்தார்கள். மாற்றிப் போட்டால் ஒன்றும் எரியாது, சத்தம் மட்டும் வராது. அதற்குள் ஆள் ஒலி தரும் பெட்டியான சவுண்ட் மாட்யூலே புதிதாக வாங்கிவிடுகிறார்.

"கீபோர்டு சவுண்ட் ஒல்லியா, சுழலுற மாதிரி கேக்குது, பாதி நோட்டு வெட்டுப்படுது" என்றால் முக்கால்வாசி மிடி லூப். நீங்கள் அமுக்கும் கட்டை கீபோர்டுக்குள் ஒருமுறை ஒலிக்கிறது. அதே நோட்டு சீக்வென்சருக்குப் போய், எக்கோவில் (வந்த நோட்டைத் திருப்பி அனுப்பும் வசதி) திரும்பி வந்து மறுமுறையும் ஒலிக்கிறது. ஒரு விரலுக்கு இரண்டு குரல் செலவு, குரல் தீர்ந்தால் நோட்டு வெட்டுப்படும். கீபோர்டில் கட்டையை அதன் சொந்த ஒலியோடு நேராக இணைக்கும் லோக்கல் கண்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள், தீர்ந்தது. கச்சேரி முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையில் "கீபோர்டே ஊமையாயிடுச்சு" என்று எனக்குத்தான் போன் வரும்.

பழைய தமிழில் மிடி என்றால் வறுமை. இந்தக் கேபிளுக்கு எப்படித்தான் பொருந்தியதோ! நொடிக்கு 31,250 பிட்டுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. ஒரு நோட்டு போய்ச் சேரச் சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஒரே அடியில் டிரம்ஸ், பேஸ், எட்டு விரல் கார்டு, கூடவே ஆஃப்டர்டச் (அமுக்கிய கட்டையை மேலும் அழுத்தும் அளவு), பிட்ச் பெண்ட் (சுருதி வளைப்பு) எல்லாவற்றையும் ஒரே வாயில் தள்ளினால் வரிசையில் நின்றுதான் போகும். அடி பிசிறடிக்கும். வாசித்தவர் மேல் பழி வரும். தேவையில்லாத ஆஃப்டர்டச்சை டிராக்கில் இருந்து அழித்துவிட்டாலே பெரும்பாலும் அடி நேராகிவிடும். இரண்டாவது மிடி அவுட் இருந்தால் டிரம்ஸை அதில் பிரித்துவிடுங்கள்.

நோட்டு நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? நோட்டைத் தொடங்கச் சொன்ன செய்தி போயிருக்கிறது, நிறுத்தச் சொன்னது போகவில்லை. ஓடும்போதே கேபிளைப் பிடுங்கினால் இப்படித்தான். எல்லா நோட்டையும் நிறுத்தும் பேனிக் பட்டனுக்கும் அடங்காவிட்டால், நோட்டை இழுத்துப் பிடிக்கும் சஸ்டெயின் அமுங்கிய நிலையிலேயே மாட்டியிருக்கும். பெடலை ஒருமுறை மிதித்து விடுங்கள்.

நிஜமாகவே கருவியைக் கொல்வது அடாப்டர். ரோலண்ட், பாஸ் (Boss) கருவிகளில் பெரும்பாலும் பின்னின் நடுமுனை மைனஸ், யமஹா கீபோர்டுகளில் நடுமுனை ப்ளஸ். மேடையின் இருட்டில் கைக்கு அகப்பட்ட பின்னைக் குத்துவார்கள், அதுவும் உள்ளே போய்விடும். அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்பு டயோடு மட்டும் தன்னைப் பலி கொடுக்கும். அடாப்டரில் கருவியின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக பேட்டரி. இதில் நானே குற்றவாளி. பழைய சீக்வென்சர்கள் பலவற்றில் பேட்டர்ன் (பதிந்துவைத்த நோட்டு வரிசை) எல்லாம் ஒரு 3 வோல்ட் லித்தியம் காசு பேட்டரியை நம்பித்தான் மெமரியில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் "லோ பேட்டரின்னு வருது" என்று கொண்டுவந்தார். ஐந்து நிமிட வேலை என்று கழற்றி, புதிதைப் போட்டு, ஆன் செய்து காட்டினேன். திரையில் எச்சரிக்கை இல்லை. பேட்டர்னும் இல்லை. பல வருடமாக அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் உட்கார்ந்து போட்டது. அவர் திட்டவில்லை. "வேற எங்கயாவது இருக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை.

அன்றிலிருந்து பேட்டரி கேஸ் வந்தால் முதலில் மிடி அவுட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, சிஸ்எக்ஸ் டம்ப் (மெமரியில் இருப்பதை மிடி வழியாக அனுப்பும் நகல்) முழுவதையும் எடுத்து, திரும்ப ஏற்ற முடிகிற ஃபைல்தானா என்று பார்த்துவிடுவேன். டம்ப் வசதி இல்லாத மெஷின் என்றால் ஒவ்வொரு பாட்டையும் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்வேன். ஒரு மதியம் போய்விடும், அதற்கும் சேர்த்தே பில் போடுகிறேன். பேட்டரி மாற்றிய தேதியை எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டுகிறேன். போன வாரம் ஒரு மெஷினைத் திறந்தேன். 14-6-2011 என்று என் கையெழுத்திலேயே ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மீட்டரை வைத்தேன், 2.6 வோல்ட். பேட்டர்ன் எல்லாம் அப்படியே இருந்தது. கேபிளை எடுத்து டம்ப்புக்கு மாட்டினேன்.