ஸ்டாம்பை மட்டும் ஊறவைத்து எடுக்காதீர்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். போன மாதம் ஒருவர் அமெரிக்கக் காசோலை ஒன்றைக் கொண்டுவந்தார். அயோவா மாநிலத்துச் சிற்றூர் வங்கியுடையது, தேதி 1874. ரயில் எஞ்சின் படம், சாய்ந்த கையெழுத்து எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் இடப்பக்கம் ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் வெளுத்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு மைக்கோடு திடீரெனத் தொடங்கியது.

பார்த்ததும் வயிறு எரிந்தது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 அக்டோபரில் வந்த வரியால் காசோலைக்கு 2 சென்ட் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்டியவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் அதன்மேல் எழுதி, ஸ்டாம்பைச் செல்லாததாக்க வேண்டும். அந்தக் கோட்டின் பாதி ஸ்டாம்போடு போய்விட்டது. யாரோ தண்ணீரில் ஊறவைத்து உரித்திருக்கிறார்கள். அந்த 2 சென்ட் ஸ்டாம்ப் தனியாகப் பெரிய விலைக்கும் போகாது!

தண்ணீர் இன்னொரு கெடுதலும் செய்தது. அக்கால மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்தது. நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகள்தாம். அதிலுள்ள அமிலமும் இரும்பும் காகிதத்தை மெல்ல அரிக்கும். நனைத்தால் அவை எழுத்தைத் தாண்டியும் பரவும். இந்தக் காசோலையில் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பழுப்பு வளையம்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். காசோலை வரி 1883 ஜூன் வரை இருந்தது. அதற்குள் எழுதிய காசோலையில் ஸ்டாம்ப் இல்லையென்றால், வரி முத்திரை காகிதத்திலேயே அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பல வங்கிகள் அப்படி அச்சிட்ட தாள்களை வைத்திருந்தன. அதுவும் இல்லையென்றால் உரித்த தடம் இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். 1890 தேதியிட்ட காசோலையில் ஸ்டாம்ப் இருந்தால் சந்தேகப்படுங்கள், அப்போது அந்த வரியே கிடையாது. ஸ்பெயினோடு போர் மூண்டபின் 1898 ஜூலையில் திரும்பி வந்து 1901 வரை நீடித்தது. அந்த ஸ்டாம்பில் பெரும்பாலும் போர்க்கப்பல் இருக்கும்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம், செல்லோ டேப்பும் வேண்டாம். பிவிசி உறைகள் நாளாக ஆகக் காகிதத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

அந்த அயோவா காசோலையின் மடிப்பை நீவி, கிழிந்த மூலைக்கு மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டிக் கொடுத்தேன். வெளுத்த செவ்வகத்தைத் தொடவில்லை. அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்து, கோடு அறுந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.