‘சிறுவன்’ என்ற சொல் வசையாகும் இடம்

சமூக ஊடக இடுகைகளில் வசைமொழியைத் தரம் பிரிக்கும் வேலையில் அகராதியை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. 2011 கணக்கெடுப்பின்படி 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வீட்டுமொழி. 1996 அரசமைப்புச் சட்டம் ஏற்ற 11 ஆட்சிமொழிகளுள் ஒன்று.

அம்மொழியில் ‘இன்க்வென்க்வே’ என்றால் சிறுவன். எங்கள் பட்டியலிலும் அது குற்றமற்ற சொல்லாகவே நெடுநாள் கிடந்தது. ஆனால் கோசா மரபில் ‘உல்வாலுகோ’ என்னும் விருத்தசேதனச் சடங்கை முடித்தவரே ஆண்மகன். முடிக்காதவர் எவ்வளவு வயதானாலும் சிறுவன்தான். ஆகவே வளர்ந்த ஆணொருவரின் இடுகைக்குக் கீழே அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவது கடுமையான அவமதிப்பு என்று ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தைச் சேர்ந்த சக பணியாளர் விளக்கிய பிறகே எங்களுக்கு உறைத்தது.

இதற்கு நேர்மாறான பிழையும் நேர்கிறது. ஒருவர் பட்டம் பெற்ற படத்தை இட்டால், வாழ்த்துவோர் அவருடைய குலப்பெயரையும் அதனோடு சேர்ந்த முன்னோர் பெயர்களையும் வினைச்சொல்லே இல்லாமல் அடுக்கிச் செல்வார்கள்; தானியங்கி வடிகட்டி இதைக் குப்பை என்று ஒதுக்கியதை நான் கண்டிருக்கிறேன். நெல்சன் மண்டேலாவை உலகமே அழைத்த ‘மடிபா’ என்பதும் செல்லப்பெயரன்று, குலப்பெயர்தான். திருமணமான பெண்ணும் பிறந்த குலத்தின் பெயராலேயே, முன்னே ‘மா’ சேர்த்து அழைக்கப்படுகிறார். பேலே குலத்தில் பிறந்தவர் மாபேலே. கணக்கில் இப்பெயரை இட்டிருப்பவரைப் போலிப் பெயர்க்காரர் என்று முடக்குவது அறியாமை.

எழுத்திலும் அடையாளம் இருக்கிறது. நாம் இரக்கத்தில் உச்சுக்கொட்டும் ஒலி அங்கே ஒரு மெய்யொலி. ஆங்கில ‘சி’ எழுத்து அதற்கு உரியது. ‘கியூ’, ‘எக்ஸ்’ ஆகியவையும் வேறு இரு சொடுக்கொலிகளைக் குறிக்கின்றன. ‘உன்னை நான் நேசிக்கிறேன்’ என்பதை ‘ந்தியாகுதாண்டா’ என்று ஒரே சொல்லில் அடக்கும் அம்மொழியில், இளையோர் ஆங்கில வினையையும் அதே முன்னொட்டுகளோடு கோத்து எழுதுகிறார்கள். இதைச் சிதைவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரவல் வினைக்கும் கோசா இலக்கணமே பூட்டப்படுகிறது.

உல்வாலுகோ சடங்கு நடக்கும் இடத்தின் படங்களை நீக்கக் கோரி வரும் புகார்களில் இன்னும் தடுமாறுகிறோம். அங்கே நடப்பதை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது மரபு. எங்கள் விதிகளோ படத்தில் உடை இருக்கிறதா, இரத்தம் தெரிகிறதா என்பதோடு நின்றுவிடுகின்றன.