அத்தையின் நாக்கில் ஒரு கட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அத்தைக்கு நாக்கின் மேல்புறத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, புண்ணும் இல்லை. காலையில் நாக்கு வழிக்கும்போது இடறியது, அவ்வளவுதான். பல வருஷமாக வெற்றிலை போடும் வாய் என்பதால் புற்றுநோய்தான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். வெற்றிலை பாக்கும் அதோடு சேரும் புகையிலையும் அதற்கு முக்கியக் காரணம்.

கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி முடிவில் வந்த பெயரோ கிரானுலர் செல் ட்யூமர். அரிதான கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது. வாயில் வந்தால் நாக்கில்தான் அதிகம் வரும். 1926-இல் ரஷ்ய மருத்துவர் அப்ரிகோசோவ் இதை விவரித்தபோது, தசையிலிருந்து பிறந்தது என்று நினைத்தார். நாக்கே தசைதானே! நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களின் வழி வந்தது என்பது பிற்பாடுதான் தெளிவானது.

இதைக் கண்டறிவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கட்டி அடியில் கிடக்க, மேலே உள்ள சவ்வு சிலருக்குத் தடித்து, மரம் வேர் விடுவதுபோல் கீழ்நோக்கி இறங்கும். மைக்ராஸ்கோப்பில் அது, மேற்சவ்வில் பிறக்கும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயின் சாயலிலேயே தெரியும். மேலாகக் கிள்ளி எடுத்த துண்டில் அந்த வேர்கள் மட்டும் சிக்கினால், இல்லாத புற்றுநோய்க்கு நாக்கின் ஒரு பகுதியையே வெட்டும் நிலை வரலாம். அதனால்தான் துண்டு ஆழமாக இருக்க வேண்டும்.

ஆழத்தில் இருப்பவை வேறு முகம் கொண்ட செல்கள். பெரியவை, வெளிர் இளஞ்சிவப்பு. உள்ளே ரவையைத் தூவியதுபோல் துகள்கள். செல்லின் குப்பையைச் செரிக்கும் லைசோசோம்கள்தான் அப்படித் திரண்டு நிற்கின்றன. சந்தேகம் மிஞ்சினால் எஸ்-100 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் சாயமிடுவார்கள். (அம்மோனியம் சல்பேட்டின் 100 விழுக்காடு நிறைவுற்ற கரைசலிலும் கரைவதால் அதற்கு அந்தப் பெயர்.) ஷ்வான் வழிச் செல்கள் பழுப்பாக மாறும், மேற்சவ்வில் பிறந்த புற்றுநோய்ச் செல்கள் பொதுவாக மாறுவதில்லை.

இந்தக் கட்டிக்கு உறை கிடையாது. விளிம்பில் மிச்சம் இருந்தால் மறுபடி வளரக்கூடும் என்பதால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்தே அத்தைக்கு எடுத்தார்கள். வெற்றிலைக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும், நாக்கைப் பார்த்த கையோடு, வெற்றிலை அடக்கிய கன்னத்தின் உட்புறத்தையும் டாக்டர் விளக்கடித்துப் பார்க்கிறார்.